‘முறைத்தண்ணி’ கேசட்டின் கடைசி நான்கு நிமிடங்கள்

எங்கள் பகுதி ஒலி அமைப்பாளர் சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு இரண்டு இளைஞர்கள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். “ரெக்கார்டிங் சென்டர்ல அத்தனை வருஷம் ஓட்டியிருக்கீங்க, ஏதாச்சும் எழுதிக் குடுங்க சார்” என்றார்கள். அதில் ஒருவர், “நேத்துதான் நாங்க சொந்தமா ஒரு ஆல்பம் ரிலீஸ் பண்ணினோம்” என்று செல்போனை எடுத்துக் காட்டினார். எங்கே ரிலீஸ், யார் தலைமை, மாலை மரியாதை உண்டா என்று கேட்டேன். மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினார்களாம், அவ்வளவுதானாம். எத்தனை பேர் கேட்டார்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “இப்பதானே சார் போட்டிருக்கோம். கேட்டவங்கள்ல பாதிப் பேரு எங்க சொந்தக்காரங்கதான்” என்றார்.

அதே மாதிரி சுருங்கிய ஒரு முகத்தை நான் என் தொழில் காலத்தில் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கேசட் ஒழிந்ததற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டவன் அல்ல. நாடா சிக்கும், பூஞ்சை பிடிக்கும், வெயிலில் வைத்தால் அப்பளம் மாதிரி வளையும். இருபது வருஷம் பென்சிலை விட்டு நாடா சுற்றியதில் என் வலது கைக் கட்டைவிரல் இன்றும் மழைக்காலத்தில் வலிக்கிறது. ஆகவே ‘அந்தக் காலம் போல வருமா’ என்று யாரும் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் தொழில் கற்ற கதை சிறியது. ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படிப்பில் சேர்ந்தேன். ஒன்றரை வருஷம் படித்தேன். மீதி அரை வருஷத்தை எனக்கும் அந்தப் படிப்புக்கும் நடந்த மனஸ்தாபம் விழுங்கிவிட்டது. அந்தச் சமயத்தில் கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் நீடாமங்கலம் ரயிலடிக்குப் பக்கத்தில் ரெக்கார்டிங் சென்டர் திறந்தார். மலேயாவில் இருபது வருஷம் கடை நடத்திவிட்டு, நான்கு டபுள் டெக்கும் ஒரு ஸ்பூல் ரெக்கார்டரும் இடுப்புயரத்துக்கு ஸ்பீக்கர்களுமாக வந்து இறங்கியவர். ஊரே அவரை ராவுத்தர் என்றுதான் சொல்லும். நானும் அப்படியே சொல்கிறேன். அவரிடம் ஆபரேட்டராகச் சேர்ந்தேன்.

ராவுத்தர் ஒருநாளும் யாரையும் திட்டியதில்லை. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பஞ்சை எடுப்பார், ஸ்பிரிட் பாட்டிலைத் திறப்பார், ஏதாவது ஒரு டெக்கில் நாடா உரசும் ஹெட்டைத் துடைக்க ஆரம்பிப்பார். சின்னக் கோபம் என்றால் ஒரு ஹெட். பெரிய கோபம் என்றால் நான்கு டெக்கும் பளபளத்துவிடும். எங்கள் கடைக் கேசட்டில் இரைச்சல் கிடையாது என்று சுற்று வட்டாரத்தில் பேர் வாங்கியதற்கு என் தவறுகள்தான் முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அவர் வைத்திருந்த முறைகள் சில உண்டு. வாடிக்கையாளர் காகிதத்தில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார். பாட்டுக்கு எத்தனை நிமிடம் என்று பக்கத்தில் குறித்து, ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம் வருகிற மாதிரி பிரிக்க வேண்டும். புது கேசட்டின் தொடக்கத்தில் பதிவாகாத வெள்ளை நாடா கொஞ்சம் இருக்கும், அதைப் பென்சிலால் சுற்றித் தள்ள வேண்டும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் மூன்று விநாடி இடைவெளி. மீட்டர் முள் சிவப்பைத் தொடக் கூடாது. முடிந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு காதுகளையும் ஸ்குரூ டிரைவரால் உடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது பாட்டின் மேல் தும்மலைப் பதிவு செய்துவிடுவார்கள்.

அரசியல் பேச்சுக் கேசட்டுகளுக்கும் ஒரு முறை இருந்தது. பாட்டைவிடப் பேச்சுதான் அப்போது அதிகம் போகும். ஆளுங்கட்சிப் பேச்சாளர்கள் மேல் தட்டு, எதிர்க்கட்சிப் பேச்சாளர்கள் கீழ்த் தட்டு. தேர்தல் முடிவு ரேடியோவில் வந்த மறுநாள் காலை நானும் ராவுத்தரும் ஏணி போட்டுத் தட்டை மாற்றுவோம். இதற்காக நாங்கள் கடையைத் தாமதமாகத் திறந்ததே இல்லை.

இத்தனையிலும் தலையாய முறை ஒன்று உண்டு. ஓர் அங்குலம்கூட வெறும் நாடா கடையை விட்டுப் போகக் கூடாது. பாட்டு முடிந்து நாலு நிமிடம் மிச்சமிருந்தால் நாலு நிமிடத்துக்கு ஏதாவது போட்டு நிரப்ப வேண்டும். நான் சேர்வதற்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டுக்காரர் நாதஸ்வரம் பதிவு செய்து வாங்கிப் போனாராம். மாப்பிள்ளை அழைப்பு பாதி வழியில் வரும்போது மேளம் நின்றுவிட்டது. கேசட்டில் மிச்சம் வெறும் நாடா. மாப்பிள்ளை அபசகுனம் என்று நடுத்தெருவில் நின்றுவிட்டார். அவரை நகர்த்த ராவுத்தரே சைக்கிளில் வேறு கேசட் கொண்டு போக வேண்டியதாயிற்று. “தம்பி, காசு குடுத்தவன் காதுல காத்து விழக் கூடாது. எதையாச்சும் போட்டு நெரப்பு” என்று சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொன்னார். அந்த ஒரு பாடத்தை நான் தேவைக்கு மேல் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு மார்கழி மாதம் காலையில் மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். முன்னால் வந்தவன் சுந்தர். ஊருக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்தின் மிராசுதார் தெய்வசிகாமணியின் ஒரே மகன். திருச்சியில் கல்லூரிக்குப் போய், டிகிரியை அங்கேயே விட்டுவிட்டு ஒரு கிதாரோடு திரும்பியவன். இரண்டாவது முருகையன், டிரம்ஸ். அவன் அம்மா அஞ்சம்மாதான் அதே கிராமத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவி. அதாவது மிராசுதார் ஜன்னலைத் திறந்தால் எந்த அம்மாவின் கோஷம் காதில் விழுமோ அந்த அம்மாவின் மகன். மூன்றாவது ரத்தினவேல், பாடகன். நாகப்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, சுந்தரோடு கல்லூரியில் படித்தவன். மூன்று பேரும் சேர்ந்து வைத்திருந்த குழுவுக்கு ‘மூணாம் மதகு’ என்று பெயர். அந்த மதகுக் கட்டையில் உட்கார்ந்துதான் பாட்டுக் கட்டுவார்களாம்.

“அண்ணே, எங்க சொந்தப் பாட்டு பத்து இருக்கு. ஒரு கேசட்டாப் போடணும், நூறு காப்பி” என்றான் சுந்தர்.

“எந்தப் படம்?”

“படமெல்லாம் இல்லண்ணே. நாங்களே எழுதி நாங்களே மெட்டுப் போட்டது.”

“அப்ப படம் எப்ப வரும்?”

அவன் பெருமூச்சு விட்டான். இந்தக் கேள்வி அவனுக்குப் பழகியிருந்தது. கேசட்டில் ஒரு சினிமாப் பாட்டுகூடத் தலைகாட்டக் கூடாது என்று மூன்று தரம் சொன்னான். பெயர் ‘முறைத்தண்ணி’. வாய்க்காலில் வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்கு எங்கள் பக்கம் அப்படிச் சொல்வார்கள். நம்ம முறையும் ஒருநாள் வரும் என்று அர்த்தமாம். அவனுக்கு நாளும் அதிகமில்லை. தை அறுப்பு முடிந்ததும் அவனைத் திருச்சியில் மாமா உரக்கடையில் உட்காரவைப்பதென்று அப்பா முடிவு செய்துவிட்டார். வீட்டில் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவனும் எதுவும் சொல்லவில்லை. “போறதுக்குள்ள யாராச்சும் ஒருத்தர் இந்தப் பத்துப் பாட்டையும் உக்காந்து முழுசாக் கேட்டுட்டாப் போதும்ணே. நல்லால்லன்னு சொன்னாக்கூடப் பரவால்ல” என்றான். உரக்கடைக்குப் போகப்போகிற பையன் பேசுகிற பேச்சாக அது எனக்குத் தோன்றவில்லை. மனசு இளகிவிட்டது. ராவுத்தரும், “பாவம், செஞ்சு குடு” என்றார்.

எங்கள் கடையில் டிரம்ஸ் நிற்க இடமில்லை. சுந்தர் வீட்டு நெல் கொட்டாய் அப்போது காலி. தையில்தான் புது நெல் வந்து நிரம்பும். அங்கே பதிவு செய்வதென்று முடிவாயிற்று. ஆனால் மிராசுதாரின் கொட்டாயில் அஞ்சம்மா மகன் காலை வைக்க முடியாது. அந்த வருஷம் அறுப்புக் கூலி விஷயமாக ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. கூலியை உயர்த்தாவிட்டால் அரிவாள் எடுக்கமாட்டோம் என்று சங்கம் சொல்லிவிட்டது. அப்படியானால் வெளியூரிலிருந்து இரண்டு லாரி ஆட்களை இறக்கி அறுத்துக்கொள்வேன் என்று தெய்வசிகாமணி சொல்லிவிட்டார். லாரி ஊருக்குள் வந்தால் அடிதடி ஆகும், போலீஸ் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். வாய்க்கால் பாலத்தில் பெண்கள் முறை வைத்து உட்கார்ந்து லாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த நிலைமையில், மிராசுதார் நில உச்சவரம்பு வழக்குக்காகக் கும்பகோணம் போன ஒரு நாளைப் பார்த்து, முருகையன் டிரம்ஸைச் சாக்குப் பைகளில் கட்டிக்கொண்டு கொல்லைப்பக்கமாக உள்ளே வந்தான்.

காலிக் கொட்டாயில் தும்மினால் அது நாலு தரம் திரும்பி வந்தது. சுவரெல்லாம் கோணிச் சாக்குத் தொங்கவிட்டேன். பதர்த் தூசி பறந்து முதல் ஒரு மணி நேரம் தும்மலைத்தான் பதிவு செய்தோம். அப்போதெல்லாம் எல்லாரும் ஒன்றாக வாசித்து ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து. ரத்தினவேல் குரல் பெரிய சோதனை. காற்றில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. அவன் வாயைத் திறந்ததும் மீட்டர் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்த்தி, கடைசியில் கதவுக்கு வெளியே களத்தில் நிறுத்திய பிறகுதான் முள் இறங்கியது. பத்துப் பாட்டில் ஒன்பதை அவன் களத்தில் நின்றுதான் பாடினான். கேசட்டில் அவனுக்குப் பின்னால் ஒரு மாடு இரண்டு தரம் கேட்கும்.

ஏழாவது பாட்டு எடுக்கும்போது பக்கத்து வயலில் மழைத்தண்ணீர் இறைக்க ஆயில் இன்ஜினைப் போட்டுவிட்டார்கள். டேப்பை நிறுத்தினால் ‘டக்’கென்று சத்தம் விழும் என்பதால் அதை ஓடவிட்டே நான் இன்ஜினை நிறுத்தச் சொல்லப் போனேன். இன்ஜின்காரர், “பயிரு முழுவிக் கெடக்குது, ஒனக்குப் பாட்டு கேக்குதா?” என்றார். கெஞ்சிக் கூத்தாடி அரைமணி நேரம் வாங்கினேன். திரும்பி வந்தபோது மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்கவில்லை. நேரமில்லை. பொழுது சாய்வதற்குள் பத்துப் பாட்டும் முடிந்தது.

கடைக்கு வந்து நிமிடம் கூட்டிப் பார்த்தேன். முதல் பக்கம் சரியாக இருந்தது. இரண்டாம் பக்கத்தில் நான்கு நிமிடம் மிச்சம். சினிமாப் பாட்டுப் போடக் கூடாது என்பது சுந்தரின் கட்டளை. வெறும் நாடா போகக் கூடாது என்பது ராவுத்தரின் கட்டளை. ராவுத்தரைக் கேட்கலாம் என்றால் அவர் மச்சினர் மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஸ்பூலை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தபோது, நான் இன்ஜினை நிறுத்தப் போன இடைவேளையில் சுந்தர் ஏதோ நடித்துக் காட்டியது பதிவாகியிருந்தது. யாரோ ஒரு பண்ணையார் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுப் பேசுகிற மாதிரி, தொண்டையைக் கட்டிக்கொண்டு:

“அல்லோ... அல்லோ மாப்ள! கேக்குதா? லாரியும் இல்ல, ஆளும் இல்ல மாப்ள! எவன் வர்றேங்குறான்? சும்மா ஊருக்குள்ள ரெண்டு லாரி வருதுன்னு சொல்லி வச்சிருக்கேன். அவளுவோ அசர மாட்டேங்குறாளுவோ. வானம் வேற கறுத்துக்கிட்டு நிக்கிது. ஒரு மழை புடிச்சா நானே எறங்கிப் போயிருவேன், வேற வழி? யாருகிட்டயும் சொல்லிடாத! அல்லோ! யாருகிட்டயும் சொல்லிடாதன்னேன்!”

இதையே திரும்பத் திரும்ப நடித்திருந்தான், நடுநடுவே மூன்று பேரின் சிரிப்பு. சரியாக நான்கு நிமிடம். நானும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவர்கள் சரக்கு, சினிமாவும் இல்லை, நாடாவும் நிரம்புகிறது. பையன்கள் கேட்டுச் சந்தோஷப்படட்டும் என்று கடைசியில் சேர்த்து நூறு காப்பி போட்டு, நூறுக்கும் காதை உடைத்தேன். தெய்வசிகாமணியின் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றால், அதற்கும் உறுதி சொல்ல முடியாது. அந்த வயதில் எனக்கு அறிவு எப்போதும் ஒரு பஸ் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது.

அட்டை அச்சடித்தது கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஒரு பிரஸ். மேலே பிள்ளையார் சுழியும் கீழே ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்றும் தாமாகவே சேர்த்துவிட்டார்கள். மூன்று பேரும் சைக்கிளில் கேசட்டைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். கடைசிப் பாட்டுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று அவர்களும் ஓட்டிப் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. டீக்கடைக்காரர்கள் பாதிப் பாட்டு வரை ஓடவிட்டு, “எந்தப் படம் தம்பி?” என்று கேட்டுவிட்டு நிறுத்தினார்கள். ரத்தினவேல் நாகப்பட்டினத்துக்குக் கொஞ்சம் கொண்டு போனான். துறைமுகத்தில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்களாம். யாரும் இரண்டு பாட்டுக்கு மேல் கேட்கவில்லையாம். பொங்கலுக்கு முன்னால் சுந்தர் கடைக்கு வந்தான். எழுபது கேசட் அப்படியே திரும்பிக் கடைக்கு வந்திருந்தது. தொடக்கத்தில் சொன்னேனே, சுருங்கிய முகம், அது அன்றைக்கு நான் பார்த்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு நடந்ததை முருகையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவன் அம்மாவுக்கு ஒரு கேசட் கொடுத்திருந்தான். சங்கத்துக் கொட்டகையில் பேச்சுக் கேட்பதற்காக ஒரு டேப் ரெக்கார்டர் உண்டு. ஒருநாள் அஞ்சம்மா மகன் கேசட்டை இரண்டாம் பக்கமாக அதில் போட்டுவிட்டு, மற்றப் பெண்களோடு சுவரொட்டி வேலைக்கு உட்கார்ந்தார். மைதா மாவைக் காய்ச்சிப் பசை கிண்டி, எல்லார் கையும் முழங்கை வரை பசை. பாட்டு ஒருவருக்கும் அப்படி ஒன்றும் பிடிக்கவில்லை. ஆனால் பசைக் கையோடு போய் அதை நிறுத்த ஒருவருக்கும் மனமில்லை. இரண்டாம் பக்கம் முடியும் தறுவாயில் “அல்லோ மாப்ள!” என்று குரல் வந்தது. கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களும் முதலில் எழுந்து நின்றுவிட்டார்களாம், மிராசுதாரே வந்துவிட்டார் என்று.

அஞ்சம்மா மகனைக் கூப்பிட்டார். “டேய், இது வெளையாட்டுக்குப் பேசுனதா, நெசமா அவுரு பேசுனதா?”

முருகையன் வாய் திறக்கவில்லை. அது நிஜம். டிரங்க் கால் என்றால் மிராசுதார் கத்துகிற கத்தலுக்குத் கம்பி இல்லாமலே திருச்சி மச்சினருக்குக் கேட்கும். வீட்டில் இருந்த சுந்தருக்கு ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. அன்று கொட்டாயில் சிரிப்புக்காக நடித்துக் காட்டினான். லாரி வராது என்று முருகையனுக்கு அன்றைக்கே தெரியும். அம்மா பனியில் பாலத்துக் கட்டையில் காவல் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் நண்பனுக்காக அதைத் தொண்டைக்குள்ளேயே வைத்திருந்தான். “என் வாயால ஒரு வார்த்த சொல்லலண்ணே. நீ நூறு காப்பி போட்டுச் சொல்லிட்ட” என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

மகன் பேசாமல் நின்றதே அஞ்சம்மாவுக்குப் போதுமான பதிலாக இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் தாசில்தார் முன்னிலையில் சமாதானப் பேச்சு. கதிர் முற்றிக் குனிந்து நின்றது, வடகிழக்கே மேகம் கூடியிருந்தது. தாசில்தார், “வெளியூர் ஆளுங்க வர்றதாச் சொல்றாங்க. அதுக்குள்ள நீங்களே ஒரு வழிக்கு வந்துடுங்கம்மா” என்றார். அஞ்சம்மா எழுந்தார். இடது கையை மடக்கிக் காதில் வைத்துக்கொண்டார். “அல்லோ... அல்லோ மாப்ள! கேக்குதா?” என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த நாற்பது பெண்களும் ஒரே குரலில், “லாரியும் இல்ல, ஆளும் இல்ல!” என்றார்கள். தாசில்தாரின் டவாலிச் சேவகர் சிரித்துவிட்டு இருமுவதுபோல் நடித்தார். தெய்வசிகாமணி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். தூரத்தில் இடி இடித்தது. அன்று மாலைக்குள் கூலி உயர்ந்தது, விடிந்ததும் அறுப்பு தொடங்கியது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

தெய்வசிகாமணிக்கு முதலில் சந்தேகம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மேல். அங்கே போய் ஆபரேட்டரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறார். அதற்குள் எங்கள் கடையில் திருவிழாக் கூட்டம். “அந்த லாரிக் கேசட் குடுங்க” என்று மன்னார்குடியிலிருந்தெல்லாம் வந்தார்கள். எழுபதும் ஒரே நாளில் போயிற்று. டீக்கடைகளில் பாட்டை முழுக்க ஓட்டித் தள்ளிவிட்டு லாரியை மட்டும் வைத்தார்கள். ஒருவர் வந்து, “பாட்டையெல்லாம் அழிச்சிட்டு ரெண்டு பக்கமும் லாரியாவே போட்டுத் தாங்க” என்று கேட்டார்.

கூட்டம் கலைந்ததும் ராவுத்தர் என்னை உட்காரவைத்து விஷயத்தைக் கேட்டார். பஞ்சை எடுத்தார். நான்கு டெக்கையும் துடைத்தார். பிறகு ஸ்பூலையும் துடைத்தார். அதன் பிறகு விற்பனைக்கு வைத்திருந்த புது டேப் ரெக்கார்டர்களைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். கடைசியில்தான் வாயைத் திறந்தார். “தம்பி, டேப்பை நெரப்பத்தானே சொன்னேன். போலீஸ் ஸ்டேசனை நெரப்பச் சொன்னேனா?”

மூன்றாம் நாள் காலையில் சுந்தர் கடைக்கு வந்தான். பேச்சு நடந்த அன்றே நாகப்பட்டினத்துக்கு ஓடி ரத்தினவேல் வீட்டில் இருந்திருக்கிறான். தாடியும் மீன் வாடையுமாக நின்றான். என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் அவன், “அப்பா கொன்னாலும் பரவால்லண்ணே. ஊரு பூராக் கேசட் இருக்கு. ஒருத்தன்கூடப் பாட்டக் கேக்கலையே” என்று சொல்லித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வாசலில் கார் வந்து நின்றது. கண்ணாடிக்குள் வெள்ளைத் துண்டு தெரிந்ததும் சுந்தர் பின்கட்டில் இருந்த ரெக்கார்டிங் அறைக்குள் பாய்ந்து திரையை இழுத்துவிட்டான். தெய்வசிகாமணி உள்ளே வந்து முன்னால் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆறடி உயரம், ஸ்டூல் அவருக்குப் போதவில்லை.

“அந்தக் கேசட்டைப் போடு” என்றார்.

மாஸ்டர் கேசட்டைப் போட்டேன். “கடைசியிலதாங்க இருக்கு. ஓட்டி வைக்கிறேன்” என்று பொத்தானில் விரலை வைத்தேன்.

“எதுக்கு ஓட்டுற? மொதல்லேர்ந்து போடு. இன்னும் என்னென்னத்தச் சொல்லித் தொலச்சிருக்கான்னு முழுசாத் தெரியணும்.”

முதலிலிருந்து போட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்வதைக் கேட்கிறவர்போல் ஒவ்வொரு வரியையும் கேட்டார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதில், “இவன் ஏன் இந்தக் கத்துக் கத்துறான்?” என்றார். “கடக்கரைப் புள்ளைங்க” என்றேன். மூன்றாவதில், “யாரு இது, கொட்டு அடிக்கிறது?” என்றார். நான் ராவுத்தரைப் பார்த்தேன். ராவுத்தர் கூரையைப் பார்த்தார். “முருகையனுங்க” என்றேன்.

“அஞ்சம்மா மவனா?”

“ஆமாங்க.”

“எங்க வச்சு எடுத்தீங்க?”

“உங்க கொட்டாயிலதாங்க.”

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஐந்தாவது முடியும்போது, “நல்லாத்தான் அடிக்கிறான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கம் மாற்றினேன். ராவுத்தர் டீ வரவழைத்தார். ஆறிப்போன டீயில் ஈ உட்கார்ந்தது, அவர் கவனிக்கவில்லை.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் சுந்தர் பாடியது. வெறும் கிதார். கொட்டாய்க்குள் நின்று, மைக்குக்குப் பக்கத்தில், மெதுவாகப் பாடியிருந்தான்.

“எட்டு அறை வீட்டில
எனக்குப் பேச இடமில்ல.
கேட்ட கேள்வி அத்தனைக்கும்
‘சரிங்கப்பா’ ஒண்ணே பதில்.
நெல்லு தூங்கும் கொட்டாயில
நின்னு சொல்லிப் பாக்குறேன்.”

தெய்வசிகாமணி கட்டியிருந்த கையைப் பிரித்து முழங்காலில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்து மூன்று விநாடி இடைவெளி. பிறகு “அல்லோ மாப்ள!” வந்தது. மகன் வாய் வழியாக வந்த தன் குரலை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். உதடு கூடவே அசைந்தது.

“என் தொண்ட இப்படியா இருக்கு?” என்று கேட்டார்.

“டேப்புல கொஞ்சம் கரகரப்பாத்தாங்க விழும்” என்றார் ராவுத்தர்.

தெய்வசிகாமணி சிரித்தார் என்று சொல்ல மாட்டேன். மூக்கு வழியாக ஒரு காற்று விட்டார். நாடா முடிந்து பொத்தான் தானாக எகிறியது.

“அதுக்கு முந்துன பாட்டை வை” என்றார்.

பின்னால் ஓட்டி வைத்தேன். பாதியில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். திரையைப் பார்த்து, “சுந்தரு, வெளிய வா. ஒஞ் செருப்பு வாசல்ல கெடக்கு” என்றார்.

அவன் வெளியே வந்தான். தலையெல்லாம் ஒட்டடை. அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லாரியைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நானும் ராவுத்தரும் நினைத்தோம். சுந்தரும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

“இத வீட்டுலயே சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“சொன்னாக் கேட்டிருக்க மாட்டீங்கப்பா.”

ராவுத்தரின் கை பஞ்சைத் தேடியது.

“மாட்டேன்தான்” என்றார் தெய்வசிகாமணி.

பக்கத்தில் காலியாகக் கிடந்த ஸ்டூலைக் காலால் மகன் பக்கம் தள்ளினார். அவன் உட்காரும் வரை பார்த்திருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, “நிறுத்துன எடத்துலேர்ந்து போடு தம்பி” என்றார்.